ஏழரை ஹெச்.பி.

டெக்னோவுக்குத் தமிழ்நாட்டில் ஓட்டு வங்கி கிடையாது. நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் மூல காரணம்.

இதய நல வாரியம் எல்லார் மணிக்கட்டிலும் நாடிப்பட்டை மாட்டிய புதிதில், துடிப்பை நூறுக்கு மேல் ஏற்றும் எந்த இசையும் கூடாது என்றுதான் உத்தரவு போட்டது. மறுவாரமே சினிமாக்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். குத்துப்பாட்டு ‘கலாசாரம்’ ஆகி விலக்கு பெற்றது. கோயில் கமிட்டிகள் போய்ப் பார்த்தன. பம்பையும் உடுக்கையும் ‘பக்தி’ ஆயின. நாதஸ்வரமும் தவிலும் ‘மங்களம்’. கட்சி ஊர்வலத்துத் தாரை தப்பட்டை ‘ஜனநாயகம்’. கடைசியில் மிஞ்சியது, பாட்டு வரி இல்லாமல் மெஷின் மாதிரி ஒரே சீராக அடித்துக்கொண்டே போகும் டெக்னோ ஒன்றுதான். அதற்காகப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. மொத்தக் கோயம்புத்தூரிலும் அதைக் கேட்கிறவர்கள் ஒரு மினி பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். அதிலும் இரண்டு பேர் சில்லறைத் தகராறில் இறங்கிவிடுவார்கள்.

கார்வேந்தன் அந்த மினி பஸ்ஸில் ஒருவன். இயந்திரவியல் முடித்திருந்தான். சென்னையில் ஒரு கம்பெனி ஆவணி முதல் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தது. மதிப்பெண்ணைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. துடிப்புச் சான்று மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்கள்.

சுத்தம் என்றால் இதுதான்: பட்டை உங்கள் துடிப்பை எண்ணும், நூறைத் தாண்டினால் சுற்றி என்ன சத்தம் என்று காது கொடுத்தும் கேட்கும், இரண்டையும் கூட்டிப் பார்த்து வாரியத்துக்கு ஒரு வரி எழுதிப் போடும். ‘துடிப்பு 118. காரணம்: பக்தி’ என்றால் பிரச்சினை இல்லை. ‘காரணம்: மாடிப்படி’ என்றால் பாராட்டி ஒரு கட்டைவிரல் படம் வரும். ‘காரணம்: தெரியவில்லை’ என்று வந்தால்தான் வம்பு. உங்களுக்குத் தெரியும் என்றால் ஒரு நிமிடத்துக்குள் நீங்களே போனில் எழுதலாம் என்று ஒரு வசதி வைத்திருந்தார்கள். இதயம் ஏன் அடித்துக்கொண்டது என்று வாரியத்துக்கு எழுதிப் போட்ட தமிழன் இதுவரை யாரும் இல்லை. மூன்று ‘தெரியவில்லை’ சேர்ந்தால் காப்பீடு போகும். காப்பீடு இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குச் சொந்தபந்தத்தில் என்ன மரியாதை என்பதை வாரியம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

போனில் டெக்னோ போட்டால் போனே அதைத் தாலாட்டு வேகத்துக்கு இழுத்துவிடும். ஆகவே தட்டு. கறுப்பாக, வட்டமாக, யாருக்கும் எதையும் தெரிவிக்கத் தெரியாத பழைய காலத்து இசைத்தட்டு.

அந்தத் தட்டில் இசையை வெட்டிப் பதிக்கிறவள் கவிநிலா. கணபதி பகுதியில் அவள் அப்பாவுடைய மோட்டார் ரீவைண்டிங் கடை. முன்பக்கம் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுவார்கள். பின்பக்கம் ஒரு லேத்தைத் திருத்தித் தட்டு வெட்டுவாள். போனில் யாராவது ஒட்டுக்கேட்டால் சந்தேகம் வரக் கூடாதென்று ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பம்புசெட் பேர். அரை ஹெச்.பி., ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று, ஐந்து என்று வரிசையாக வந்திருந்தன. ஒரு தடவை அன்னூரிலிருந்து வந்த நிஜமான விவசாயி ஒருவர் மூன்று ஹெச்.பி. கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை திருப்பித் தரவில்லை. பிடித்துவிட்டது போலிருக்கிறது.

இப்போது ஏழாவது. ஏழரை ஹெச்.பி.

“ஏழரைன்னு பேர் வெக்காத புள்ள, வீட்ல சனியக் கூட்டியாந்த மாதிரி இருக்குது” என்று கார்வேந்தன் சொன்னான்.

“அஞ்சுக்கு அப்பறம் ஏழரைதான். பம்புக் கம்பெனிக்காரனைக் கேளு” என்றாள் கவிநிலா.

வெளியீட்டு விழாக்கள் ஆடி மாதத்தில் நடந்தன. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபமெல்லாம் காலி. மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் எப்போதும் தரைக்குக் கீழே இருக்கும், சத்தம் வெளியே போகாது. போகிற கொஞ்சநஞ்சத்தையும் பக்கத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கி விழுங்கிவிடும். நேரமும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். ஊரே பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்க்கிற வேளை. அந்த நேரத்தில் எந்தப் பட்டையும் அறுபத்தைந்து எழுபது என்று சோம்பலாகக் கிடந்தால் வாரியத்துக்குச் சந்தேகம் வராது. உலகத்தில் மற்ற ஊர்களில் இந்த இசையை நடுராத்திரியில் கேட்பார்களாம். கோயம்புத்தூரில் மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து கேட்டார்கள். எது பெரிய புரட்சி என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆடுகிறவர்களின் பட்டை எப்படி அறுபத்தைந்தில் கிடக்கும்? அதற்குத்தான் தெய்வசிகாமணி அண்ணன்.

ஏழரை ஹெச்.பி. வெளியீட்டன்று கார்வேந்தன் படியிறங்கிப் போனபோது அவர் பந்தி மேசைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்திருந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை பட்டை. இரண்டு காலிலும் கணுக்காலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. எதிரில் இன் பண்ணிய சட்டையோடு ஒருவர் மிரண்டுபோய் நின்றார். முதல் தடவை வருகிறவர். ஏதோ வங்கியில் வேலை.

“இத்தனையும் உங்க ஒருத்தர் நாடியிலங்களா?”

“ஆமாங்க. கையக் குடுங்க.”

“கழட்டுனா உடனே வாரியத்துக்குத் தெரிஞ்சிருமே?”

கவிநிலா குறுக்கே வந்தாள். “கழட்டுனாத்தானுங்க தெரியும். நாம கழட்டறதில்ல, தள்றோம். உங்க மணிக்கட்டை அண்ணன் மணிக்கட்டோட ஒட்டி வெச்சுக்கோங்க. தோலு விடாம அப்படியே இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு நகத்திருவேன். பட்டைக்குத் தோலு முக்கியம், ஆளு முக்கியமில்ல.”

வங்கிக்காரர் கையை நீட்டினார். பட்டை வழுக்கிக்கொண்டு அண்ணன் கைக்குப் போனது. தொண்ணூற்றாறு என்று காட்டிக்கொண்டிருந்த அவருடைய போன் மெல்ல இறங்கி அறுபத்துநான்கில் நின்றது. அவர் முகத்தில் ஒரு பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. போனைப் பக்கத்திலிருந்த சாம்பார் அண்டாவில் போடச் சொன்னார்கள், போட்டார்.

“அண்ணன் தியானம் பண்ணுவாருங்களா?”

“சிலைங்க” என்றார் தெய்வசிகாமணி.

“என்னங்க?”

“கல்யாண ரிசப்ஷன்ல வாசல்ல வெள்ளிப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு ஒருத்தன் அசையாம நிப்பானே, கொழந்தைங்க கிச்சுக்கிச்சு மூட்டிப் பாக்குமே. அது நானுங்க. இருவத்தெட்டு வருசம். ஆடியில தொழில் இல்ல, இங்கயே வாட்ச்மேன். சாவி எங்கிட்ட இருக்குது, நாடியும் எங்கிட்ட இருக்குது, இவங்களுக்குச் சௌகரியமாப் போச்சு.”

“உங்க பட்டை எதுங்க இதுல?”

“எனக்கு இல்லீங்க.” அண்ணன் அதையும் அதே குரலில் சொன்னார். “வாரியத்துல டெஸ்ட்டுக்குக் கூப்புட்டாங்க. அந்தப் புள்ள, ‘அஞ்சு நிமிசம் அசையாம நில்லுங்க’ன்னுச்சு. எங்கிட்ட வந்து அப்படிச் சொல்லலாமுங்களா? நின்னுட்டேன். தொழில் புத்தி. கோடு நேரா வந்திருச்சாட்ட இருக்குது. ‘உயிருள்ள நபர் அல்ல’ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஏழு வருசம் கழிச்சுத்தான் மறுபடி போகோணுமாம்.”

வங்கிக்காரர் பட்டை இல்லாத தன் மணிக்கட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அதுக்கப்பறம் புத்தி வந்துதுங்க. இப்ப ஒக்காந்திருக்கையில நடுநடுவுல கொஞ்சம் எதையாச்சும் நெனச்சுக்குவேன். லேசா ஏறி எறங்கும். இல்லாட்டி உங்க எல்லாத்தையும் செத்துட்டீங்கன்னு சொல்லிப்போடும்.”

அடுத்து கார்வேந்தன். கவிநிலா அவன் கையைப் பிடித்து அண்ணன் கையோடு ஒட்டிவைத்தாள். அவள் விரலில் வார்னிஷ் வாசம் அடித்தது. பட்டை கைமாறியது.

“தம்பி பட்டை மட்டும் எப்பவும் சூடாவே வருது” என்றார் அண்ணன், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி.

“படியெறங்கி வந்தனுங்கண்ணா.”

“எறங்குனா ஏறாதுங்களே.”

கவிநிலாவுக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்காத மாதிரி, தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் பக்கம் போனாள். கார்வேந்தன் பின்னாலேயே போனான்.

மேசைமேல் பாக்குமட்டைத் தட்டுக் கட்டுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் ஓர் இசைத்தட்டு. போகும்போது ஆளுக்கு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனால், பார்க்கிறவர்களுக்கு வீட்டில் விசேஷம் என்று தோன்றும்.

“இந்தத் தட்டுல ஒரு விசயம் இருக்குது” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “இதுல அடியில தும் தும்னு அடிக்கற பேஸ் எது தெரியுமா? அண்ணன்.”

“எந்த அண்ணன்?”

“நம்ம அண்ணன். மோட்டார்ல பேரிங் போயிருச்சான்னு கேக்கறதுக்கு ஒரு மைக் வெச்சிருக்கமில்ல? போன தடவை அவர் சட்டைப் பையில போட்டு விட்டுட்டேன். பேனான்னு நெனச்சுக்கிட்டாரு. முழு நாடியும் எங்கிட்ட இருக்குது. அறுவத்துநாலுல ஆரம்பிச்சு, மோட்டார் ஸ்பீடு ஏறற மாதிரி நூத்தி நாப்பது வரைக்கும் கொண்டு போறேன். கேட்டா அழுதுருவே.”

“அவர்கிட்ட கேட்டியா?”

“சர்ப்ரைஸ்னா கேப்பாங்களா? முடிஞ்சதும் எல்லாத்துக்கும் முன்னால சொல்லலாம்னு இருக்கேன். எத்தனை நாளு அந்த மனுசன் நமக்காக உக்காந்திருக்காரு. ஒரு மரியாதை.”

அது மரியாதைதான். அதில் கார்வேந்தனுக்குச் சந்தேகம் இல்லை. சொல்லாமல் எடுத்தது வேறு பேர் உள்ள காரியம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையில் நியாயம் பேசுகிறவன் கார்வேந்தன் இல்லை.

ஊசி இறங்கியது.

முதலில் காலி மோட்டார் ஓடுகிற முனகல். அப்புறம் அடி. மெத்தென்று, ஈரமாக, தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. ஆட வந்தவர்கள் கொஞ்ச நேரம் ஆடாமலே நின்று கேட்டார்கள். முன்னால் வந்த தட்டுகளெல்லாம் இரும்பு. இது அப்படி இல்லை. பிறகு ஒருவர் தோள் அசைந்தது, இன்னொருவர் முட்டி, வங்கிக்காரர் இன் பண்ணிய சட்டையை வெளியே இழுத்துவிட்டார். வேகம் ஏறியது. எண்பது. நூறு. மேலே கோயிலில் பம்பை அடித்துக்கொண்டிருந்தது, பொருத்தமாகத்தான் இருந்தது.

கார்வேந்தன் தற்செயலாகத்தான் திரும்பிப் பார்த்தான். தெய்வசிகாமணி அண்ணனின் வலதுகால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருசம் குழந்தைகள் கிச்சுக்கிச்சு மூட்டியும், ஒரு மாப்பிள்ளை வீட்டார் கட்டெறும்பை விட்டும், ஒரு ரிசப்ஷனில் ஷாமியானாவே பக்கத்தில் சரிந்து விழுந்தும் அசையாத மனிதர். உலகத்தில் எந்தச் சத்தமும் அவருக்குள் போனதில்லை. இந்தச் சத்தம் உள்ளே போக வேண்டியதே இல்லை, அங்கேயே இருந்தது. வெளியே ஓடுகிற தன் இதயத்தை உள்ளே இருந்த இதயம் அடையாளம் கண்டுகொண்டது. அது முன்னால் போகப் போக இது பின்னால் ஓடியது.

“கவி, நிறுத்து” என்றான். சத்தத்தில் கேட்கவில்லை. “கவி!”

அவள் ஊசியைப் பிடுங்கினாள். கூடம் அமைதியானது. அந்த அமைதியில் சாம்பார் அண்டா அலறியது. முப்பத்தெட்டு போன்களும் ஒரே சமயத்தில் அடித்தால் எவர்சில்வர் அண்டாவிலிருந்து என்ன சத்தம் வரும் என்பதை எந்தத் தட்டிலும் இதுவரை யாரும் வெட்டவில்லை. அண்ணன் கையிலும் காலிலும் பட்டைகள் எல்லாம் சிவப்பாக மின்னின. தீபாவளிக்குச் சீரியல் லைட் சுற்றிய மரம் மாதிரி இருந்தார். நெற்றியில் வேர்வை. ஆனாலும் அசையவில்லை.

“நெஞ்சுல ஆரோ கல்லைத் தூக்கி வெச்சாப்ல இருக்குதுங்க” என்றார். “நீங்க ஆடுங்க.”

வாரியத்தின் சேவையில் குறை சொல்ல முடியாது. ஒரு பட்டை சிவந்தால் ஒரு ஆம்புலன்ஸ். முப்பத்தெட்டு பட்டை சிவந்திருந்தது. ஊரிலிருந்த வண்டியெல்லாம் மண்டபத்தை நோக்கித் திரும்பியது. பதினொன்று சீக்கிரமே வந்துவிட்டன. மீதி காந்திபுரத்து நெரிசலில் ஒன்றையொன்று ஓரம் போகச் சொல்லி அலறிக்கொண்டிருந்தன. மண்டபத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எல்லாருக்கும் விஷச் சாப்பாடு என்று யாரோ சொன்னார்கள். அதுகூட ஜனங்களை அவ்வளவாகப் பாதிக்கவில்லை.

“ஆடி மாசத்துல எவன்டா கல்யாணம் வெச்சான்?” என்பதுதான் எல்லார் வாயிலும் இருந்தது.

முதல் வண்டியின் நர்ஸம்மா படியிறங்கி வந்தார். நடுவயது, தலையில் கனகாம்பரம். நாற்காலியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கூட்டாளிகள் ஸ்ட்ரெச்சரை விரித்தார்கள்.

“இதுல இவுரு பட்டை எது?”

கவிநிலா இல்லையென்று தலையசைத்தாள்.

“இல்லீங்களா?” நர்ஸம்மா மூச்சை இழுத்து விட்டார். “பட்டைப் பேரு போடாம வண்டி ஸ்டார்ட் ஆகாதுங்க. நானா போட்ட சட்டமில்ல. உள்ள வெச்சு நான் தள்ளிக்கிட்டுத்தான் போகோணும்.”

“நான் பஸ்ல பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கறனுங்க” என்றார் அண்ணன். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“சும்மா இருங்கண்ணா” என்றாள் கவிநிலா. அழுகையும் கோபமும் கலந்திருந்தது. “என்ற பேரு போடுங்கம்மா. கவிநிலா. இந்தா, எடது கையில மூணாவது.”

நர்ஸம்மா தன் கருவியைப் பட்டைமேல் காட்டினார். “பொம்பளை, இருவத்திநாலு வயசு. இந்த மீசைக்கு நான் என்ன சொல்றது? ஆம்பளைப் பேராப் பாத்துக் குடுங்க. ஒரு ஆளு. சீக்கிரம். ஆனா தெரிஞ்சு குடுங்க, பேரு குடுத்தவருக்கு ஆயுசுக்கும் இதய நோயாளின்னு இருக்கும்.”

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். கெட்டவர்கள் யாரும் இல்லை. வங்கிக்காரர் கிட்டத்தட்ட அழுதார். “எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க. ஜாதகத்தோட துடிப்புச் சான்றும் கேக்கறாங்கம்மா.” இன்னொருவர் ஏற்கெனவே இரண்டு ‘தெரியவில்லை’ வைத்திருந்தார். இன்னொருவருக்கு இரட்டைக் குழந்தை.

கார்வேந்தனுக்கு ஆவணி முதல் தேதி இருந்தது. அப்பா ஏற்கெனவே சென்னைக்கு இரண்டு டிக்கெட் போட்டு, ஒரு சூட்கேஸும் வாங்கிவைத்திருந்தார். சொந்தக்காரர்கள் வந்தால் தெரிகிற மாதிரி அது கூடத்திலேயே நின்றது. அந்தச் சூட்கேஸைத்தான் அவன் அப்போது நினைத்தான். பிறகு கட்டைவிரலை நினைத்தான். இருபத்தெட்டு வருசத்தில் ஒரே ஒரு தடவை தாளம் போட்ட கட்டைவிரல். இந்த மனுசனின் நாடியை ஒருத்தர் கேட்காமலே எடுத்தாயிற்று. இன்னொருத்தர் பேரைக் கொடுக்காமலே விடக் கூடாது.

“வலது கையில அஞ்சாவதுங்க” என்றான். “கார்வேந்தன்.”

நர்ஸம்மா பார்த்தார். கருவியில் இருபத்திரண்டு வயதுப் பையனின் படம். ஸ்ட்ரெச்சரில் நரைத்த மீசை.

“வயசு இருவத்திரெண்டுன்னு போட்டிருக்குது.”

“கவலைல இப்படி ஆயிட்டாருங்க.”

“என்ன படிப்பு?”

“இஞ்சினியரிங்.”

“அப்பச் செரி” என்று நர்ஸம்மா பொத்தானை அமுக்கினார். “தூக்குங்கடா கார்வேந்தனை.”

மீதிப் பட்டைகளைக் கவிநிலா ஒவ்வொன்றாக உரியவர் கைக்குத் தள்ளிக்கொண்டே ஸ்ட்ரெச்சரோடு படியேறினாள். வாசலில் அடுத்தடுத்த வண்டிக்காரர்கள் “பேஷண்ட் எங்க?” என்று கேட்கக் கேட்க, “நான்தானுங்க, இப்பத்தான் செரியாப் போச்சுங்க” என்று ஆளுக்கு ஒருவராகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சோதனை முடிந்த கையோடு அப்பாவின் போன்.

“அலோ, ஆருங்க பேசறது? என்ற பையனுக்கு நெஞ்சு வலின்னு மெசேஜ் வந்துது. அவன் போனை ஆரு எடுத்தது?”

“நான்தானுங்கப்பா.”

“நீயேவா?”

“ஆமாங்கப்பா.”

“நெஞ்சு வலியாமா?”

“கொஞ்சங்கப்பா.”

“கொஞ்சமா? மூணு எடத்துல அடைப்புன்னு இப்ப ஒண்ணு வந்துது. நிக்கறியா, படுத்திருக்கியாடா?”

“டீ குடிச்சுக்கிட்டு இருக்கேனுங்கப்பா.”

வேறு வழியில்லாமல் நடந்ததை எல்லாம் சொன்னான். விஷயம் முழுவதையும் கேட்ட பிறகு அப்பா திட்டவில்லை. “அந்த மனுசன் பொழச்சுக்குவாரா?” என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. சூட்கேஸ் பரணுக்குப் போனது.

அந்த மனுசர் பிழைத்துக்கொண்டார். ரொம்ப நாளாகவே அடைப்பு இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் என்றைக்காவது தூக்கத்தில் போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். கவிநிலா அதைக் கேட்டுச் சமாதானம் ஆகவில்லை. “அது டாக்டர் கணக்கு. நான் கேக்காம எடுத்தது எடுத்ததுதான்” என்றாள். ஏழரை ஹெச்.பி. கட்டுகளை எல்லாம் கடைக்கே திருப்பிக் கொண்டுவந்து, விற்காமல் வைத்துவிட்டாள்.

வாரியம் விசாரணை நடத்தி, முப்பத்தேழு பட்டைகளில் கருவிக் கோளாறு என்று கண்டுபிடித்தது. எல்லாருக்கும் புதுப் பட்டையும் மன்னிப்பும் ஆளுக்கு ஒரு பாட்டில் நெல்லிக்காய் ஜூஸும் வந்தன. முப்பத்தெட்டாவது மட்டும் கோளாறு இல்லை. அங்கே நிஜமாகவே ஸ்டென்ட் இருந்தது. சென்னைக் கம்பெனி, கார்வேந்தன் பூரண நலம் பெற வாழ்த்தி, வர வேண்டாம் என்று எழுதியது. கார்வேந்தன் என்ற பட்டை, தொடர் சிகிச்சைக்காகத் தெய்வசிகாமணி அண்ணன் கையிலேயே தங்கிவிட்டது. மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் “கார்வேந்தன்!” என்று கூப்பிட்டால் அவர் எழுந்து போவார். நிஜக் கார்வேந்தன் பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய செருப்பைப் பார்த்துக்கொள்வான். ஊரில் இப்போது பட்டை இல்லாத ஆள் அவன்தான். கவிநிலாவின் கடையில் காயில் கட்டினான்.

ஒருநாள் அண்ணன் கடைக்கு வந்தார். அடுக்கியிருந்த ஏழரை ஹெச்.பி.யைப் பார்த்தார்.

“இதை ஏன் கண்ணு தூங்க வெச்சிருக்கறே?”

“உங்களைக் கேக்காம எடுத்ததுண்ணா.”

“இப்பக் கேளு.”

கவிநிலா கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் நின்றாள். “வெளிய விடட்டுங்களாண்ணா?”

அண்ணன் யோசித்தார். “என்ற பேரைப் போடோணும். பெருசா. ஆஸ்பத்திரில நான் கார்வேந்தன். வாரியத்துல உயிரே இல்ல. எங்கியாச்சும் ஒரு எடத்துல தெய்வசிகாமணின்னு இருக்கட்டும்.”

மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆகவே மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி சாப்பாட்டுக்கூடம் நிறைந்தது. மேலே பஜனைக்காரர்களின் ஒலிபெருக்கி. தட்டின் நடுவட்டத்தில் மஞ்சள் எழுத்தில் ‘ஏழரை ஹெச்.பி., நாடி: க. தெய்வசிகாமணி’ என்று இருந்தது.

அவர் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கூடத்து நடுவில் நின்றார். தினமும் அரைமணி நேரம் துடிப்பு ஏறுகிற மாதிரி ஏதாவது செய்யச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ‘காரணம்: சிகிச்சை.’ மொத்த ஊரிலும் பட்டையோடு டெக்னோ ஆடச் சட்டப்படி அனுமதி உள்ள ஒரே ஆள். நூற்றுப் பத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால், தட்டு சுழலும் வேகத்தைக் குறைத்து வைக்கவும் கவிநிலா ஏற்பாடு செய்திருந்தாள். அதையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் கார்வேந்தன். பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்திருந்தான். நாலு மாதம் காயில் சுற்றியதில் அவனுக்கும் ஒரு நிதானம் வந்திருந்தது. சுற்று எண்ணிக்கை தப்பினால் மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும், அந்தப் பயத்தில் வந்த நிதானம். பட்டைகள் ஏறின. எல்லார் போனும் எழுபது, எழுபத்தொன்று என்று படிந்தன.

“பரவால்லீங்களே தம்பி” என்றார் வங்கிக்காரர். அவருக்குப் பெண் அமைந்துவிட்டது. அவளும் வந்திருந்தாள்.

கடைசிப் பட்டை கவிநிலாவுடையது. இதுவரை அவள் பட்டையை அவளே தள்ளிக்கொள்வாள். இன்று எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் மணிக்கட்டை அவன் மணிக்கட்டோடு ஒட்டிவைத்தாள். பட்டையை மெல்ல நகர்த்தினாள். வார்னிஷ் வாசம். பட்டை வந்து சேர்ந்துவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

மேலே பஜனை ஒரு பாட்டு முடிந்து ஓய்ந்திருந்தது. சாம்பார் அண்டாவில் ஒரு போன் அடித்தது. இன்னொன்று. பிறகு அண்டா முழுவதும்.

‘துடிப்பு 126. காரணம்: தெரியவில்லை. தெரிந்தால் ஒரு நிமிடத்துக்குள் எழுதவும்.’

“அய்யோ தம்பி!” வங்கிக்காரர் அண்டாவுக்குள் கையைவிட்டுத் தன் போனைத் தேடினார். “எதையாச்சும் நெனச்சுக் கொறைங்க! மோட்டாரை நெனைங்க!”

கார்வேந்தன் எதிர்ச்சுவரைப் பார்த்தான். மோட்டாரை நினைத்தான். மோட்டார் பக்கத்தில் கவிநிலா உட்கார்ந்திருந்தாள். நூற்றுமுப்பத்திரண்டு.

“நான் என்ன காரணம்னு எழுதறது?” வங்கிக்காரர் அலறினார்.

தெய்வசிகாமணி அண்ணன் நாற்காலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கல்யாண வாசலில் இருபத்தெட்டு வருசம் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்.

“எல்லாரும் மங்களம்னு போட்டு விடுங்க” என்றார். “செல்லும்.”

ஆளுக்கு ஒரு பக்கம் குனிந்து எழுதினார்கள். அண்டா அடங்கியது. ஒரே ஒரு போன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. கவிநிலா இடதுகையால் அதை எடுத்தாள்; வலதுகை இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டைவிரலால் ஏதோ தட்டி அனுப்பினாள்.

“நீயும் மங்களந்தான் போட்டியா?” என்று கேட்டான் கார்வேந்தன், உதடு அசையாமல்.

அவள் போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

‘காரணம்: தெரியும்.’